வாசித்த படங்களும் பார்த்த படங்களும்

வேலூர்ச் சாலையில், திருவண்ணாமலைக்கு அடுத்து இருக்கும் எங்கள் வேங்கிக்காலை வெளியூர் நண்பர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடமாகவே அறிவார்கள். 1989ஆம் ஆண்டு பழைய வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு ஏரிக்கரைச் சிற்றூராக இருந்த இது அலுவலர் குடியிருப்புகளின் ஊராக மாறிப்போயிற்று. இங்கே ஒரு வீட்டின் மொட்டைமாடியில், மலை தெரியும் திசைக்கு முதுகைக் காட்டியபடி, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி நாங்கள் சிலர் அவ்வப்போது படம் பார்ப்பதுண்டு. ஓர் இரவு 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்தைப் போட்டோம். முடிந்ததும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் படத்தை எனக்கு நாற்பது வருஷமாத் தெரியும். இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

சிரித்துவிட்டோம். பின்னர் யோசித்தபோது அதில் சிரிக்க ஏதுமில்லை என்று தோன்றியது. அவர் சொன்னது ஒரு தலைமுறையின் வரலாறு. தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் இலக்கியம் படித்து வளர்ந்தவர்கள் நல்ல சினிமாவை முதலில் வாசித்தார்கள். பல ஆண்டுகள் கழித்தே பார்த்தார்கள். பலர் கடைசிவரை பார்க்கவேயில்லை. அந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று, அதில் எவையெல்லாம் தொலைந்தன என்பதை இயன்றவரை தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைவு என்று நாம் நினைக்கும் உலக சினிமா ஒருமுறை எங்கள் ஊருக்கு மிக அருகில் வந்து போயிருக்கிறது. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் இறுதி நாட்களையும் அடக்கத்தையும் அவர் படமெடுத்தார். அந்த நேரத்தில் வானில் ஓர் எரிநட்சத்திரம் மலையை நோக்கிச் சென்றதைக் கண்டதாகவும் பதிவு செய்தார். இவ்வளவும் நம் ஊரில் பலருக்கும் தெரிந்த செய்தி. அதிகம் பேசப்படாதது, அவர் 1930களில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர் என்பது. அதே 1950இன் தொடக்க மாதங்களில் ரெனுவார் கல்கத்தாவில் 'தி ரிவர்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படப்பிடிப்பை விடுமுறை நாட்களில் போய்ப் பார்த்துவந்த விளம்பர நிறுவன ஓவியர் ஒருவர் சில ஆண்டுகளில் 'பாதேர் பாஞ்சாலி'யை எடுத்தார். சத்யஜித் ராயைத்தான் சொல்கிறோம்.

வங்கத்துக்கு ரெனுவார் வந்தது ஒரு விளைவை உண்டாக்கிற்று. திருவண்ணாமலைக்குக் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வந்ததற்குச் சினிமாவில் எந்த விளைவும் இல்லை. காரணம் எளியது. கல்கத்தாவில் 1947லேயே ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். விதை விழும்போது அங்கே நிலம் உழப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் உழவே நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை உள்ளிட்ட பிற பெருநகரங்களுக்கும் சென்றது. டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', குரோசாவாவின் 'ரஷோமோன்' போன்ற படங்களை இந்தியப் பார்வையாளர்கள் பரவலாகக் கண்டது அந்த விழாவில்தான். வீணை எஸ். பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் பார்த்த 'ரஷோமோன்' தந்த தூண்டுதலில் பிறந்ததே 1954இல் வெளிவந்த 'அந்த நாள்'. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. சிவாஜி கணேசன் நடித்து ஏவி.எம். தயாரித்த படம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே ஒரு நல்ல வெளிநாட்டுப் படம் ஒரே ஒரு தகுந்த பார்வையாளரிடம் போய்ச் சேர்வதால் என்ன நிகழக்கூடும் என்பது விளங்கும்.

ஆனால் அத்தகைய பார்வையாளர் சென்னையில் இருந்தாக வேண்டும். சிக்கலின் முதல் முடிச்சு இதுதான். சென்னைத் திரைப்படச் சங்கம் 1957இல் உருவாயிற்று. 1959இல் கல்கத்தா, டில்லி, சென்னை, பம்பாய், பாட்னா, ரூர்க்கி சங்கங்கள் இணைந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு பிறந்தது. ராய் தலைவர், சென்னையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன் துணைத் தலைவர்களுள் ஒருவர். அயல்நாட்டுத் தூதரகங்களிடமிருந்து படச்சுருள்களை வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டும் திரையிடுவது இச்சங்கங்களின் வழக்கம். தூதரகமோ தூதரகப் பண்பாட்டு மையமோ இல்லாத ஊருக்குப் படம் வராது. செங்கத்திலோ போளூரிலோ இருந்த ஒரு வாசகருக்கு ஐசன்ஸ்டைன் என்பது ஒரு பெயர் மட்டுமே.

ஆகவே அவர் படித்தார். 'எழுத்து' தொடங்கி அடுத்தடுத்து வந்த சிறுபத்திரிகைகள் ஓவியம், நாடகம், சினிமா ஆகியவற்றையும் இலக்கியத்தின் அண்டை வீடுகளாகக் கருதின. பெர்க்மன், புனுவல், கொதார்த் என்ற பெயர்கள் ஒட்டப்பட்ட தபால் உறைக்குள் மாதம் ஒருமுறை வந்து சேர்ந்தன. கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு காட்சியைக் கற்பனை செய்ய வேண்டியதுதான். இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. எங்களுள் மூத்த ஒரு நண்பர், தான் படித்து மனத்திற்குள் ஓட்டிய ஒரு பெர்க்மன் படத்தைப் பின்னாளில் குறுந்தகட்டில் பார்த்தபோது, தன் படமே சற்று மேலானது என்று சொன்னார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இந்த வாசிப்புப் பழக்கம் நமக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. நன்மை, சினிமாவும் கலைதான் என்ற நம்பிக்கையைத் திரையரங்கில் அதற்கான சான்று ஏதும் கிடைக்காத காலத்திலும் காப்பாற்றித் தந்தது. தீமை, நல்ல சினிமா என்பது எங்கோ சுவீடனிலும் பிரான்சிலும் நடக்கும் காரியம் என்று பழக்கிவிட்டது. பக்கத்தில் நிகழ்ந்தவற்றை நாம் கவனிக்கவில்லை.

பக்கத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிமாய் கோஷ் என்ற வங்க ஒளிப்பதிவாளர், பிரிவினையால் பிடுங்கி எறியப்பட்ட விவசாயிகளைப் பற்றி 'சின்னமூல்' (1950) என்ற படத்தை இயக்கியவர். கல்கத்தாவுக்கு வந்திருந்த சோவியத் மேதை புதோவ்கின் அப்படத்தைப் பார்த்துப் பாராட்டி அங்கே கொண்டுசென்றார். அந்த நிமாய் கோஷ் சென்னையில் குடியேறி, 1960இல் தமிழில் 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கினார். தொழிலாளர் வாழ்வைப் பேசிய அப்படத்தில் எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார், ஜெயகாந்தன் பாடல் எழுதினார். பாடல்கள் இன்றும் வானொலி நினைவாக வாழ்கின்றன. படம் மக்களிடம் நிலைக்கவில்லை.

ஜெயகாந்தன் அடுத்து தாமே இயக்குநரானார். தம் நாவலான 'உன்னைப்போல் ஒருவன்' கதையை அதே பெயரில் படமாக்கினார். சேரிக் குடிசையில் வாழும் ஒரு தாயும் மகனும், அவர்கள் வாழ்வில் வந்து சேரும் ஓர் ஆணும் என்ற எளிய முக்கோணம். 1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் ராயின் 'சாருலதா' முதலிடம் பெற்றபோது இப்படமும் அகில இந்திய அளவில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. எழுத்தாளரின் படம், விருது பெற்ற படம், தமிழ்ப் படம். இருந்தும் திரையரங்குகள் அதை வரவேற்கவில்லை. அடுத்து அவர் எடுத்த 'யாருக்காக அழுதான்' படமும் அவரைத் தொடர்ந்து படமெடுப்பவராக்கவில்லை. இந்த அனுபவங்களை அவரே பின்னர் ஒரு நூலாக எழுதினார். கவனியுங்கள்: நம்மில் அந்த நூலைப் படித்தவர் பலர், படத்தைப் பார்த்தவர் மிகச் சிலர். மறுபடியும் அதே கதை.

இனி அந்தக் கழுதைக்கு வருவோம்.

ஜான் ஆபிரகாம் கேரளத்தவர். எல்.ஐ.சி.யில் எழுத்தர் வேலையை விட்டுவிட்டுப் பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போய், அங்கே ரித்விக் கட்டக்கிடம் பயின்றவர். அவர் 1977இல் தமிழில் எடுத்த படம் 'அக்ரஹாரத்தில் கழுதை'. திரைக்கதையை எழுதியவர் சிறுபத்திரிகை வாசகர்கள் அனைவரும் அறிந்த விமர்சகர் வெங்கட் சாமிநாதன். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர், 'பாதை தெரியுது பார்' இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனே. 1960க்கும் 1977க்கும் இடையில் மெல்லிய ஒரு நூல் அறுபடாமல் ஓடியிருக்கிறது என்பதற்கு அவரே சாட்சி.

கதை இதுதான். தாயை இழந்த கழுதைக் குட்டியொன்றைப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். நகரத்தில் கேலி பேசுகிறார்கள். தம் ஊரின் அக்ரஹாரத்தில் கொண்டுபோய் விடுகிறார். வாய் பேசாத உமா என்ற வேலைக்காரப் பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் நடக்கும் தீமைகளுக்கெல்லாம் கழுதையே காரணம் என்று சொல்லி அதைக் கொன்றுவிடுகிறார்கள். கொன்ற பிறகு நன்மைகள் நடப்பதாகத் தோன்றவே, அதே ஊரார் அதைத் தெய்வமாக்கத் துணிகிறார்கள். முடிவில் நெருப்பு.

பிரெஸ்ஸோனின் 'பல்தசார்' (1966) படத்தின் நிழல் இதில் விழுந்திருப்பதைப் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறுபாடும் தெரியும். பிரெஸ்ஸோனின் கழுதை மனிதர்களின் பாவத்தைச் சுமந்து அமைதியாகச் சாகிறது. ஜானின் கழுதைக்குச் சாவுக்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. கொன்றதையே கும்பிடும் ஒரு சமூகத்தின் மனத்தை அறிந்தவர்களாலேயே அந்த இரண்டாம் பாதியை எழுதியிருக்க முடியும். அது தழுவலன்று, தமிழ் மண்ணில் ஊன்றி வேறு மரமாகிவிட்ட ஒரு பதியன்.

படம் அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. எனினும் திரையரங்குகளில் பரவலாக வெளியாகவில்லை. பின்னாளில் தூரதர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. திரைக்கதை மட்டும் நூலாக வந்தது. அதைத்தான் எங்கள் தமிழாசிரியர் வாசித்திருந்தார். அவருடைய நாற்பது ஆண்டுகளின் கணக்கு இப்போது புரியும்.

அதே 1977இல் யாழ்ப்பாணத்தில் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். சாதியையும் சீதனத்தையும் பற்றி அது அடங்கிய குரலில் பேசியது. அடுத்த ஆண்டு ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' தீபாவளிக்கு வந்தது. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்', ஜெயபாரதியின் 'குடிசை' இரண்டும் 1979. இவற்றுள் மகேந்திரன் படம் ஒன்றே தன் காலத்திலேயே மக்களைச் சென்றடைந்தது. ருத்ரய்யா இரண்டு படங்களோடு நின்று, 2014இல் மறைந்தார். கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் ஸ்ரீப்ரியாவும் நடித்த படத்துக்கே அந்நிலை என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். கவனிக்கப்படாமல் போன படமெல்லாம் உன்னதம் என்று நாம் வாதிடவில்லை. பணமின்மை பல படங்களின் ஒலியிலும் ஒளியிலும் அப்பட்டமாகத் தெரியும். சில இடங்களில் நடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள். 'அக்ரஹாரத்தில் கழுதை'யின் முதல் அரைமணி நேரத்தில் எங்கள் மாடியிலேயே இருவர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். நாம் கேட்பதெல்லாம், பார்த்தபின் மறுக்கப்படும் உரிமையாவது ஒரு படத்துக்கு வேண்டும் என்பதே. பார்க்கப்படாமலே மறுக்கப்படுவதும் பார்க்கப்படாமலே போற்றப்படுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். முன்னதை வணிகர்கள் செய்தார்கள். பின்னதை இலக்கியவாதிகளாகிய நாம் செய்தோம்.

பார்க்கப்படாத படம் அழியவும் செய்யும். பழைய வட ஆற்காட்டின் தலைநகரான வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார்தான் 1910களில் தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான 'கீசக வத'த்தை எடுத்தவர். அதில் ஒரு அடி கூட இன்று இல்லை. தென்னிந்திய மௌனப்படங்களில் எஞ்சியது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் நைட்ரேட் சுருள்களில் பெரும்பகுதி எரிந்தோ, மட்கியோ, வெள்ளிக்காக உருக்கப்பட்டோ போயிருந்தன. காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர் தேடித் தேடி மீட்டவை போக மற்றவை சொல்லக்கேள்விதான். சு. தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் பத்திரிகைக் குறிப்புகளையும் விளம்பரத் துண்டுகளையும் கொண்டு அந்த வரலாற்றை மீட்டெழுதினார்கள். இருக்கும் படத்தைப் பார்க்காத நாம், இல்லாத படத்தை வாசிக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தோம்.

இந்தச் சுழலை உடைக்க ஒரு வழியை ஜான் ஆபிரகாமே காட்டிச் சென்றார். 1984இல் கேரளத்தில் நண்பர்களோடு சேர்ந்து 'ஒடெஸா' என்ற குழுவைத் தொடங்கினார். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தில் வரும் துறைமுக நகரத்தின் பெயர் அது. ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் காசு திரட்டி, அந்தக் காசில் 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்தார்கள். இறந்த இளைஞனின் செய்தியை அவன் தாயிடம் சொல்லப் புறப்படும் ஒருவனோடு வழிநெடுக ஆட்கள் சேர்ந்துகொண்டே போவதுதான் கதை. படம் உருவான விதமும் அதுவேதான். முடிந்த படத்தையும் அவ்வாறே ஊர் ஊராகக் காட்டினார்கள். மறு ஆண்டே ஜான் இறந்துபோனார்.

கேரளத்தில் அது இயலக் காரணம் இருந்தது. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் தொடங்கிய 'சித்ரலேகா'வை அடுத்து அங்கே திரைப்படச் சங்கங்கள் சிற்றூர்வரை பரவியிருந்தன. நூலகமும் சங்கமும் அங்கே ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தன. நம் பக்கத்தில் நூலகம் இருந்தது, திண்ணை இல்லை.

திண்ணை தாமதமாக வந்தது. 1980களில் ஞாயிறு பிற்பகலில் தூரதர்ஷன் மாநில மொழிப் படங்களைக் காட்டியபோது, ஆங்கில வரிகளைத் தட்டுத்தடுமாறிப் படித்தபடி மிருணாள் சென்னையும் அரவிந்தனையும் அடூரையும் பார்த்தோம். தெருவில் ஒரே தொலைக்காட்சி இருந்த வீட்டில், செய்தி முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். மூன்று பேர் மட்டும் மிஞ்சுவோம். பிறகு தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் போன்ற அமைப்புகள் உலகப் படங்களையும் குறும்படங்களையும் மாவட்ட ஊர்களுக்கு எடுத்துவந்தன. கோவையில் 'கோணங்கள்' போன்ற சங்கங்கள் வேரூன்றின. 'நிழல்' போன்ற இதழ்கள் மாற்று சினிமாவுக்கென்றே வந்தன. குறுந்தகடு மலிவானதும், இருபது ஆண்டு வாசித்த பெயர்கள் ஒவ்வொன்றாக முகம் காட்டின.

வாசிப்பு வீண்போகவில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஆனந்த விகடனில் 'உலக சினிமா' தொடரை எழுதி லட்சக்கணக்கான வாசகர்களுக்கு அயல்மொழிப் படங்களை அறிமுகம் செய்த செழியன், பின்னர் தாமே 'டூலெட்' படத்தை எடுத்தார். வாடகை வீடு தேடி அலையும் ஒரு குடும்பம், அவ்வளவே. டி சிகாவின் மிதிவண்டி சென்னைத் தெருவில் இரண்டு சக்கர வாகனமாக ஓடுவதை அதில் கண்டோம்.

இன்றைய நிலை விசித்திரமானது. அன்று படம் இல்லை, ஆவல் இருந்தது. இன்று எல்லாப் படமும் கைபேசிக்குள் இருக்கிறது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருதை வென்றது. ஆஸ்கருக்கான இந்தியப் பரிந்துரையாகவும் சென்றது. 2023இல் அது இணையத் தளத்தில் நேரடியாக வெளியானதே தவிரத் திரையரங்குக்கு வரவில்லை. வறண்ட நிலத்தில் ஒரு தகப்பனும் மகனும் நடக்கும் அந்தப் படத்தின் வெயிலை ஐந்தங்குலக் கண்ணாடியில் உணர முடியுமா? ஜெயகாந்தன் காலத்தில் கதவு மூடியிருந்தது. இப்போது கதவு திறந்தே கிடக்கிறது, நுழைவாரைக் காணோம்.

அதனால்தான் அந்த வேட்டித் திரையை நாங்கள் விடுவதாயில்லை. அன்றிரவு இருந்தது பதினோரு பேர். இணையத்தில் கிடைத்த மங்கிய பிரதி. நடுவில் ஒருமுறை மின்சாரம் போயிற்று. எழுந்து போன இருவருள் ஒருவர், பால் வியாபாரம் செய்பவர், கடைசிப் பகுதிக்குத் திரும்பிவந்து சுவரோரம் நின்று பார்த்தார். தமிழாசிரியர் பேசி முடித்த பின் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ஊமைப் பொண்ணு பக்கம் யாருமே நிக்கலியே சார், ஏன்?"

வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையைப் பலமுறை படித்திருந்த எங்களுள் எவரும் அதுவரை கேட்காத கேள்வி அது. நாங்கள் கழுதையையே வாசித்திருந்தோம். அவர் உமாவைப் பார்த்திருந்தார்.

அடுத்த மாதம் 'பொன்மணி'யைத் திரையிடலாம் என்றிருக்கிறோம். நாற்பது ஆண்டுகளாகப் பெயரளவில் மட்டும் தெரிந்த இன்னொரு படம்.